நகராத கோரைப்பல்லு

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல் ஆஸ்பத்திரி. அங்க பல்லுக்குக் கம்பி கட்டுற பிரிவுக்குப் பெரிய டாக்டர் ஷெரீபா மேடம். அவங்ககிட்ட படிக்க வந்தவங்க டாக்டர் கோமளவல்லி. சொந்த கிளினிக்குல பதினாறு வருஷம் பல்லு பிடுங்கிட்டு, அப்புறமா கம்பி கட்டப் படிக்க வந்தவங்க. மேடத்தைவிட ஆறு வயசு மூப்பு. ஆனாலும் மேடம் வந்தா, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி எந்திரிச்சு நிப்பாங்க.

அன்னைக்கு ஜெபசெல்வி கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தா. நர்ஸ் வேலை. இன்னும் ரெண்டு மாசத்துல குவைத் போறா. அதுக்குள்ள முடிச்சுத் தாறேன்னு கோமளா சொல்லிட்டாங்க. கோரைப்பல்லுக்குப் பின்னால ஒரு பல்லை எடுத்து, அந்த இடத்துக்குக் கோரைப்பல்லை ஸ்பிரிங் போட்டு இழுத்துக்கிட்டு இருந்தாங்க.

"டாக்டர், ஒன்றரை மாசமா ரசஞ்சோறுதான். எங்க வார்டுல பல்லே இல்லாத தாத்தா முறுக்கு திங்காரு. நான் பாத்துக்கிட்டு நிக்கேன்."

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா."

"பொறுத்துக்கிடுதேன். பல்லு நகந்துச்சா?"

கோமளா ஸ்கேலை வச்சு அளந்தாங்க. திருப்பி வச்சு அளந்தாங்க. ஸ்கேல்தான் நகந்துச்சு.

"அப்ப இதையும் பிடுங்கிருங்க. நிம்மதியா பிளேன் ஏறிருதேன்" அப்படின்னா ஜெபா.

கோமளா எக்ஸ்-ரே படத்தைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தாங்க. வராந்தாவுல மேடம் நின்னாங்க. ஜெபாவும் பின்னாலயே வந்து பெஞ்சு ஓரத்துல உக்காந்தா.

"மேடம், போன தடவையே ரெண்டு மடங்கு இழுத்துக் கட்டினேன். அசையலை. இன்னும் எவ்வளவு இழுத்தா நகரும்?"

மேடம் படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாங்க. நல்லவேளை, வேர் கரையாம முழுசா இருந்துச்சு.

"உக்காருங்க."

கோமளா ஜெபாவுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி உக்காந்தாங்க. மேடம் அவங்களுக்கு இந்தப் பக்கம். உக்காந்த உடனே ரெண்டு கையையும் கோமளா தோள்ல வச்சு ஒரே தள்ளு.

கோமளா பெஞ்சை இறுக்கிப் பிடிச்சு, காலை ஊனிக்கிட்டாங்க. அசையலை.

"என்ன மேடம் இது!"

"நகரலையே. இன்னும் எவ்வளவு தள்ளணும்?"

ஜெபா சிரிச்சா. சிரிச்சதுல பல்லு வலிச்சு, "ஸ்ஸ்"னா.

மேடம் கையை எடுத்துட்டு, சாவகாசமா கேட்டாங்க.

"பல்லு எலும்புல ஆணி அடிச்ச மாதிரியா இருக்கு?"

"இல்ல மேடம். வேருக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு."

"அதுல யாரு குடியிருக்கா?"

"உயிருள்ள செல்லுங்க, மேடம்."

"என்ன வேலை பாக்குதாங்க?"

கோமளா பரீட்சையில ஒப்பிக்கிற குரலுக்குப் போயிட்டாங்க. "ஒரு பக்கம் அழுத்தினா, எலும்பை அரிக்கிற செல்லைக் கூப்பிட்டு விடும். அது அரிச்சு வழி விடும். இழுபடுற பக்கம் புது எலும்பைக் கட்டும். அப்படித்தான் மேடம் பல்லு நகருது."

"ரொம்ப நசுக்கினா?"

"ரத்த ஓட்டம் நின்னுரும். அந்த இடத்துல செல்லெல்லாம் செத்துரும்."

"செத்தவங்க யாரைக் கூப்பிட்டு விடுவாங்க?"



"டாக்டர்..." ஜெபா மெதுவா கூப்பிட்டா. "இன்னும் நகந்து வந்தீங்கன்னா நான் தரையிலதான் உக்காரணும்."

கோமளா குனிஞ்சு பாத்தாங்க. ஜெபா பாதி பெஞ்சுலயும் பாதி அந்தரத்துலயும் இருந்தா. நடுவுல இருந்த இடமெல்லாம் காணோம். இந்தப் பக்கம் திரும்பினாங்க. மேடத்தோட தோள் அவங்க தோள்ல பட்டும் படாம ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"இவ்வளவு நேரமா தள்ளிக்கிட்டா வந்தீங்க மேடம்?"

"சாஞ்சேன். நகந்தது நீங்க."

ஜெபா எந்திரிச்சு நின்னா. "அப்ப என் பல்லைப் பிடுங்க வேண்டாமா?"

"வேண்டாம்மா" அப்படின்னாங்க மேடம். "இப்ப ஸ்பிரிங்கைக் கழட்டிருவாங்க. கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும். அப்புறம் லேசா ஒண்ணு போடுவாங்க. நீ போறப்ப இடைவெளி பாதிக்கு மேல மிச்சம் இருக்கும். அங்க உள்ள டாக்டருக்கு லெட்டர் தாரோம்."

"ஓட்டைப் பல்லோடயா பிளேன் ஏறணும்?" ஜெபா கோமளாவைப் பாத்தா. "முடிச்சுத் தாறேன்னு சொன்னீங்களே டாக்டர்."

கோமளாவுக்கு முகம் சுண்டிப்போச்சு.

"தேதி கொடுத்துட்டேனே மேடம்."

"யாருக்குக் கொடுத்தீங்க?"

"இந்தா, ஜெபாவுக்கு."

"அவளா எலும்பை அரிக்கப் போறா? வேலை பாக்குறவங்களைக் கேட்டீங்களா?"

கோமளா எந்திரிச்சாங்க. ஜெபாவோட கையைப் பிடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போய், ஸ்பிரிங்கைக் கழட்டினாங்க.