ராஜாவுக்கு முதுகு காட்டாத செடி

குன்றநாட்டு ராஜா வீரகேதுவுக்கு ஒரு ஆர்க்கிட் செடியின் மேல் உயிர். பூவுக்காக இல்லை, இலைக்காக! வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று விசிறி மாதிரி நேராக நிற்க வேண்டும். செடி தர்பாருக்கு வந்த பிறகோ, ஒரு இலை வாசலைப் பார்த்தது. இன்னொன்று விட்டத்தைப் பார்த்தது.

"நம் விகடகவி குழந்தையப்பர்தான் எதையும் நேராக்குவாரே!" என்று கொளுத்திப் போட்டார் அமைச்சர் பரிமேலர்.

"நாளைக்குள் காரணம் சொல்லும். இல்லையென்றால் இந்தப் பக்கமே வராதீர்!" என்றார் ராஜா குழந்தையப்பரிடம்.

குழந்தையப்பர் வீட்டுக்கு வந்து புலம்பினார்.

"நம்ம ஜன்னலோர ஆர்க்கிட் நேராத்தானே இருக்கு?" என்றாள் மனைவி சிவகாமி. "யாரையும் தொட்டியைத் திருப்ப விடமாட்டேன். அங்கே சும்மா விடுறாங்களா?"

குழந்தையப்பர் துள்ளி எழுந்தார். எங்கே விடுகிறார்கள்? அந்த தர்பாரில் எதுவும் ராஜாவுக்கு முதுகு காட்டக் கூடாது. அவர் ஊஞ்சலுக்குப் போனால் தொட்டியை ஊஞ்சல் பக்கம் திருப்புவார்கள். சிம்மாசனத்துக்கு வந்தால் இந்தப் பக்கம். ஆனால், 'உங்களால்தான் கெட்டது' என்று ராஜாவிடமே சொல்ல முடியுமா?

மறுநாள் தர்பாரிலேயே அமைச்சருக்கு விருந்து வைத்தார். "பிரபு, தாங்கள் சும்மா உலாவிக்கொண்டிருங்கள்" என்றார் ராஜாவிடம்.

அமைச்சர் பலகையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார். ராஜா இடப்பக்கம் நடந்தார்.

"ஐயோ, பிரபுவுக்கு முதுகா!" என்று கத்தினார் குழந்தையப்பர்.

காவலர்கள் அமைச்சரைப் பலகையோடு திருப்பினார்கள். வாழையிலை அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. கையை வளைத்து அப்பளத்தைத் துழாவினார். ராஜா வலப்பக்கம் போனார். மறுபடி திருப்பினார்கள். வாய்க்குப் போன பாயசம் காதுக்குள் போயிற்று.

"என்ன கோணல் இது? நேராக உட்கார்ந்து சாப்பிடத் தெரியாதா?" என்றார் ராஜா.

"சோறு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்! எப்படிப் பிரபு நேராக உட்காருவேன்?" என்று அலறினார் அமைச்சர்.

குழந்தையப்பர் மெல்லச் செடியைக் காட்டினார். "அதற்கு வெளிச்சம்தான் சோறு, பிரபு. தொட்டியைத் திருப்பத் திருப்ப, இலையும் வெளிச்சத்தைத் தேடி வளைகிறது. பாவம், அமைச்சரைப்போல் கத்தத் தெரியவில்லை."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிக் குழந்தையப்பர் கழுத்தில் போட்டார்.

"சரி, இனி யாரும் தொட்டியைத் திருப்ப வேண்டாம், ஜன்னலோரமே இருக்கட்டும். ஆனால் அது வெளிச்சத்தைப் பார்த்து நின்று எனக்கு முதுகு காட்டுமே, ஐயா!"

"அதற்கென்ன பிரபு? ஊஞ்சலைத் தூக்கி ஜன்னலோரம் போட்டுவிடலாம். தங்களுக்குத்தான் இலை கிடையாது, எந்தப் பக்கம் திருப்பினாலும் கோணாது!"