மழைக்கு மூன்று சொந்தக்காரர்கள்

ராஜா கதையும் சிங்கக் கதையும் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும், எனக்கும் அலுத்துவிட்டது. இன்றைக்கு ஒரு சத்திரக்காரியின் கதை சொல்கிறேன், காது கொடுங்கள்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கானான் தேசத்துப் பக்கம், கடலோரத்தில் உகாரித் என்றொரு பட்டணம் இருந்தது. அங்கே கப்பல்துறைக்கு அருகில் தலாயி என்பவள் சத்திரம் நடத்தினாள். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிடப் பெரிது.

சத்திரத்துக்குக் கல் சுவர், தட்டையான மண் கூரை. மழை விழுந்ததும் மேலே ஏறி, ஈரமண்ணை மிதித்து, பெரிய உருளைக்கல்லை உருட்டி வெடிப்பை மூட வேண்டும். அதுதான் அந்த ஊர் வழக்கம்.

மழை வந்தால்தானே! மூன்று வருஷமாக வானம் கண்ணைத் திறக்கவில்லை. கூரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் மண்ணை எதால் குழைப்பது? அந்தக் கூரைக்குக் கீழேதான் ஊரார் மிச்சம்பிடித்த விதை வாற்கோதுமை மூட்டை மூட்டையாக இருந்தது. அது நனைந்து கெட்டால் விதைப்பு இல்லை, விளைச்சல் இல்லை, சோறும் இல்லை.

அப்போது சத்திரத்தில் மூன்று வியாபாரிகள் தங்கியிருந்தார்கள். தீரு பட்டணத்திலிருந்து வந்த யப்னி பாகாலைக் கும்பிடுகிறவன். வடக்கே பனிமலை நாட்டு சுவன்னா தெசூப்பைக் கும்பிடுகிறவன். எகிப்து மென்னா சேத்தைக் கும்பிடுகிறவன். மூன்றுமே இடிக்கும் புயலுக்கும் உரிய தெய்வங்கள்தான். ஒருநாள் காலையில் மூவரும் மழை கேட்டு ஆளுக்கொரு மூலையில் வேண்டிக்கொண்டார்கள்.

மத்தியானம் மேகம் கூடியது. இடி இடித்தது. கொட்டியது பாருங்கள் மழை! தலாயி முற்றத்தில் நின்று முகத்தை நிமிர்த்திச் சிரித்தாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு.

உள்ளே சண்டை தொடங்கிவிட்டது.

"பாகால் வானத்து மாளிகை ஜன்னலைத் திறந்துட்டார், அதான் மழை!" என்றான் யப்னி.

"சும்மா இருய்யா. அந்த இடிச் சத்தம் எங்க தெசூப்போட தேர்ச் சத்தம்!" என்றான் சுவன்னா.

"ரெண்டும் இல்லை. இது சேத் அனுப்பிய மழை!" என்றான் மென்னா.

"உங்க எகிப்துல மழையே பெய்யாதே!" என்றான் யப்னி.

"பெய்யாத மழையும் அவர் கையிலதான்யா இருக்கு!"

சொட்! மென்னாவின் தலையில் ஒரு துளி. சொட்! சுவன்னாவின் கிண்ணத்தில் ஒரு துளி. சொட்! விதை மூட்டையின் மேல் ஒரு துளி. உருளைக்கல்லை அவள் ஒருத்தியால் அசைக்க முடியாது. அக்கம்பக்கத்தாரோ அவரவர் கூரையில் இருந்தார்கள். இவர்களைக் கெஞ்சினால் சண்டைக்கு நடுவில் யார் காதில் விழும்?

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு உரக்கக் கேட்டாள். "ஐயாமாரே! மழை யாரோட சாமி அனுப்பினதுன்னு சொல்லுங்க. கூரை ஒழுகுது. அனுப்பின சாமியோட ஆள்தான் மேலே ஏறி அடைக்கணும்."

மூவரும் அண்ணாந்து ஒழுகும் கூரையைப் பார்த்தார்கள்.

"தெசூப்பா இருக்கும்" என்றான் யப்னி மெல்ல.

"சேத்தா இருக்கும்" என்றான் சுவன்னா.

"யோசிச்சுப் பார்த்தா, பாகால்தான்" என்றான் மென்னா.

தலாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்லாயிருக்கு நியாயம்! பெருமைன்னா எங்க சாமி, ஒழுகுதுன்னா அவங்க சாமியா? மூட்டை நனைஞ்சா இந்த ஊர்ப் பிள்ளைங்க பட்டினி கிடக்கும். அப்ப எந்தச் சாமி பேரைச் சொல்வீங்க?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. முதலில் மென்னாதான் ஏணியில் கால் வைத்தான்.

கொட்டும் மழையில் யப்னி மண்ணை மிதித்தான், சுவன்னா உருளையை இழுத்தான், மென்னா தள்ளினான். தள்ளுவதற்குத் தாளம் வேண்டுமே! யப்னி பாகால் பாட்டு எடுத்தான். சுவன்னா தெசூப் பாட்டு சேர்த்தான். மென்னா சேத்தின் பாட்டைப் பாடினான். மூன்றும் ஒரே தாளத்தில் விழுந்தன. வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, சேற்றில் புரண்ட பிள்ளைகள்போல மூவரும் சிரித்தார்கள்.

ஒழுக்கு நின்றது. மேல்மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள் தலாயி. சாக்கு மட்டும்தான் ஈரம். விதை காய்ந்தே இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுப்படியில் மூவருக்கும் சூடான ரொட்டி கொடுத்தபோது சுவன்னா கேட்டான்: "நீங்க சொல்லுங்கக்கா, மழை யாரோடது?"

"அது எனக்குத் தெரியாது தம்பி. ஆனா கூரை உங்க மூணு பேரோடதும். எப்ப வந்தாலும் இதுக்குக் கீழே உங்களுக்கு இடம் உண்டு."

மறுநாள் ஊர் முழுக்க விதைத்தது.

கேட்டீர்களா? நல்லது நடந்தால் அதைத் தன்னுடையது என்கிறவன், அதோடு வரும் வேலையிலும் தோள் கொடுக்க வேண்டும்.