மேனேஜர் அடித்த நாற்பது பக்கம்

பம்புசெட் கம்பெனியில் பேச்சியம்மாள் தற்காலிக டைப்பிஸ்ட். நாற்பது பக்க டெண்டரை மார்ஜின் பிசகாமல், அட்டவணை கோணாமல் அடித்து முடித்தாள். மேனேஜர் தாமோதரனோ அதை அவள் எதிரிலேயே முதலாளியிடம் நீட்டி, "முழுக்க நானே அடிச்சேன் சார். இந்தப் பொண்ணுக்கு எதுக்குத் தெண்டச் சம்பளம்?" என்றார்.

முதலாளி புரட்டிப் பார்த்தார். "பிரமாதம்! தேதி மட்டும் தப்பு."

பேச்சியம்மாள் சட்டென்று எழுந்து தன் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "மேனேஜர் சாரே மாத்தட்டும். இதுலதானே அடிச்சீங்க?"

"பின்னே? இதுலதான்!" என்று கெத்தாக உட்கார்ந்தவரின் விரல் அந்தரத்தில் நின்றது. "என்ன கண்றாவி இது? ஒரு கீயிலயும் எழுத்தையே காணோமே!"

"தேஞ்சுபோய் ஒரு வருஷமாச்சு சார். நாப்பது பக்கம் அடிக்கும்போது கவனிக்கலையா?"

முதலாளி சரியான தேதியை அவளிடம் சொன்னார். பேச்சியம்மாள் கீபோர்டைப் பார்க்கவேயில்லை. மேனேஜரைப் பார்த்துக்கொண்டே அடித்தாள்.