மடிக்காத சீட்டு

போன தவக்காலத்தில் சிலுவைப்பாதை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது பிலோமி அக்கா எனக்குச் சொன்னது இது.

அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சலேத் என்று ஒரு தற்காலிக டீச்சர். வாசிப்பு வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சீட்டு கொடுப்பாள். "ஜன்னலைத் திற", "தவளை மாதிரிக் குதி" என்று எழுதியிருக்கும். வாசித்ததைச் செய்ய வேண்டும்.

ஒரு நாள் தாளாளர் திடீரென்று உள்ளே வந்தார். பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது பள்ளிக்கூடமா, சந்தையா? இதுங்களுக்கு ஒரு எழுத்தாவது தெரியுமா?" என்று கத்திவிட்டு, தலைமையாசிரியைக்கு அங்கேயே ஒரு சீட்டு எழுதி மடிக்கப் போனார்.

"எதுக்கு சார் மடிச்சுக்கிட்டு? இதுங்களுக்குத்தான் எழுத்தே தெரியாதே" என்றாள் சலேத், பணிவாக.

"அதுவும் சரிதான்" என்று முன்வரிசை சகாயரோஸியிடம் நீட்டினார். "பெரிய டீச்சர்கிட்ட கொடு, போ."

வாசல்வரை போன பிள்ளை நின்றுவிட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"சலேத் டீச்சரை நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லவும்னு போட்டிருக்கு. இதை மட்டும் நான் செய்ய மாட்டேன் சார்."

தாளாளர் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் திணித்தார்.

"குதிக்கும்போது சத்தம் கொஞ்சம் குறைவா இருக்கட்டும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று உங்கள் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும்போது, வாங்க வேண்டியதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். மடிக்காமல் கொடுங்கள்.