முட்டி தரையில் படாதவர்

அறவாழி யோகக் கூடத்தின் வாசலிலேயே நின்றார். உள்ளே போகக் கால் எழவில்லை. ஐம்பது வயது மனிதர், தப்பு செய்துவிட்டு வகுப்புக்கு வெளியே நிற்கும் பிள்ளை மாதிரி நின்றார்.

"வாங்க" என்றார் குரு மங்களநாயகி. அவர் இல்லாதபோது வகுப்பு நடத்தும் இந்த மூத்த சீடரைவிட இரண்டு வயது இளையவர்.

"அம்மா, நீங்க ஊர்ல இல்லாதப்ப ஒரு காரியம் பண்ணிட்டேன்."

பத்மாசனத்தில் முட்டி தரையைத் தொடுகிறவர்களுக்கு முன்வரிசை, தொடாதவர்களுக்குக் கதவோரம். இப்படியொரு வழக்கத்தை அங்கே கொண்டுவந்த புண்ணியவான் அறவாழிதான். டவுன் பஸ் ஓட்டுநர் காத்தமுத்து மாதக்கணக்காகக் கதவோரத்திலேயே கிடந்தார். அவரை முன்வரிசைக்கு ஏற்றிய பெருமை தனக்கு வரட்டும் என்று அறவாழிக்கு ஆசை. குரு இல்லாத அந்த வகுப்பில், காத்தமுத்து மடித்திருந்த காலின் முட்டியில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினார். டப்பென்று சத்தம் கேட்டது.

"வலிக்குதுன்னு சொன்னாரா?"

"சொன்னாரும்மா."

"நீங்க?"

"பழகிடும்னு சொன்னேன்."

சொல்லும்போதே அறவாழியின் முகம் சுண்டிப்போனது.

"இப்ப எப்படி இருக்கார்?"

"முட்டிக்குள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்காம். கிளட்ச் மிதிக்க முடியல, வீட்டுல கிடக்கார். மறுபடி பஸ் ஓட்ட முடியுமான்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கறார்."

அறவாழியை அவமானம் பிடுங்கித் தின்றது.

"நீங்க ஒருதடவை போய் அவரைப் பாருங்கம்மா. எனக்காக மன்னிப்பு கேளுங்க. உங்க வார்த்தைக்கு அவர் மதிப்பு குடுப்பார். அவர் முகத்துல முழிக்க எனக்குத் தெம்பில்ல."

"உட்காருங்க. வலது காலை மடிங்க."

அறவாழி உட்கார்ந்து மடித்தார். மங்களநாயகி அவர் பாதத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இது தொடை மேல வரணும்னா எது திரும்பணும்?"

"இடுப்பு மூட்டு. கிண்ணத்துல பந்து மாதிரி, எல்லாப் பக்கமும் திரும்பும்."

"முழங்கால்?"

"மடங்கும், நீளும். முறுக்கினா தாங்காது."

"காத்தமுத்துவுக்கு எது திரும்பல?"

"இடுப்பும்மா. நாளெல்லாம் சீட்டுலயே உட்கார்ந்து இறுகிப்போச்சு."

"அது திரும்பலன்னதும்?"

"அதோட வேலையை முழங்கால்கிட்ட வாங்கப் பாத்தேன்."

மங்களநாயகி அவர் காலை மெல்லப் பிடித்து நீட்டிவிட்டார்.

"சரி. இப்ப உங்க வேலையைச் செய்ய, காத்தமுத்து வீட்டுக்கு நான் போகட்டுமா?"