நான்காவது விரல்

சென்னியப்பன் அண்ணனிடம் மாட்டுத் தரகு பழகப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அவருக்கு முப்பது இருக்கும். என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியம்தான். நான் அடிக்கத் தகுந்த பயல்.

எங்கள் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டோம். இரண்டு பேர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். எதிராளியின் உள்ளங்கையில் எத்தனை விரலை ஊன்றுகிறோமோ அத்தனை ஆயிரம். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பாலக்காட்டு வியாபாரி அனீபாவுக்கு ஒரு காளையைப் பேசினேன். நாலு விரல் ஊன்றினேன். சரியென்று தலையாட்டியவர், கயிற்றை அவிழ்க்கும்போது மூணு என்றார்.

"நாலு," என்றேன்.

"மூணு விரல்தான் தம்பி பட்டது."

"துண்டுக்குள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணா? இதெல்லாம் ஒரு பொழைப்பா?"

கூட்டம் கூடிவிட்டது. இருபது வருஷமாக அந்தச் சந்தைக்கு வந்துபோகிற மனுஷனைத் திருடன் என்றேன்.

அண்ணன் வந்தார். யாரையும் விசாரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை என் கைமேல் போட்டு, அடியில் தன் கையை நீட்டினார்.

"நாலு சொல்லு."

ஊன்றினேன்.

"மூணுதான்டா வருது."

அனீபாவிடம் திரும்பி, "பையன் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க பாய். மூணுக்கே ஓட்டிட்டுப் போங்க," என்றார்.

கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தபடி கலைந்ததும் அவரிடம் சொன்னேன். "பயமுங்ணா. துண்டைப் போட்டாலே நெஞ்சு அடிச்சுக்குது. ரெண்டு கையும் வேர்த்து நடுங்குது. வாயைச் சுத்தி மரத்துப்போகுது. டாக்டர்கிட்டக்கூடக் காட்டிட்டேன். வயசுப் பையன், டென்ஷன், நல்லாத் தூங்குன்னாரு."

"துண்டை எடுத்தா?"

"கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். பயம் என்றால் போய்விடும். வேறு ஏதாவது என்றால் கை போய்விடும். படிப்பும் காடு தோட்டமும் இல்லாதவனுக்கு அந்தக் கை ஒன்றுதான் தொழில். அதனால் பயம் என்றே வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பரம்பிக்குளம் வாய்க்காலுக்குக் குளிக்கக் கூட்டிப்போனார். புதுத் தண்ணீர் விட்டிருந்தார்கள். பாலத்துமேல் இருந்து நான் குதிக்க, அவர் குதிக்க, ஒரு மணி நேரம் ஆடினோம். தன் மாமனாரிடமே கன்றுக்குட்டி விற்று ஏமாந்த கதையைச் சொன்னார். வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த மாதிரி ஒரு ஞாயிறு அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.

கரையில் உட்கார்ந்திருக்கும்போது ஈரத் துண்டை என் வலது கைமேல் போட்டார்.

"நெஞ்சு அடிக்குதா?"

"இல்லீங்ணா."

"வேர்க்குதா?"

"இப்பத்தான தண்ணியில இருந்து வந்தேன். எங்க வேர்க்கும்?"

"நாலு சொல்லு."

ஊன்றினேன். அவர் தன் மூணு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"எடது கை குடு. நாலு சொல்லு."

ஊன்றினேன்.

"இது நாலு."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அண்ணா, பயமா, நோவான்னு எப்படிங்ணா கண்டுபிடிக்கிறது?"

"எனக்கென்னடா தெரியும்? நான் மாட்டுத் தரகன். டாக்டர்கிட்ட என்ன சொன்னே?"

"படபடப்பைச் சொன்னேன். நடுக்கத்தைச் சொன்னேன்."

"இந்தச் சுண்டுவிரல் எத்தனை நாளா இப்படி?"

மறைக்க முடியவில்லை. "மூணு மாசமுங்ணா. காலைல எந்திரிக்கிறப்பவே மரத்துக் கெடக்கும். சட்டைப் பொத்தான் போடமுடியறதில்ல. டீ கிளாஸ் ரெண்டு தடவை நழுவிருச்சு."

"சந்தை இல்லாத நாள்லயும்?"

"எல்லா நாளும்."

"அதை டாக்டர்கிட்டச் சொன்னியா?"

"இல்லீங்ணா."

"ஏன்?"

"நம்ம மாட்டுக் குறையை நம்ம வாயால சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். சிரிப்பாரோ அறைவாரோ என்று தெரியவில்லை.

"அது விக்கிறப்போ. நீ அந்த டாக்டருக்கு உன்னை விக்கவாடா போனே?"

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார். வழி முழுக்க அதே பேச்சு. எந்தக் கை, எந்த விரல், எந்த மாதத்திலிருந்து, எது நழுவியது. நான் சொல்லச் சொல்ல, "நெஞ்சு அடிக்கிறதையும் சேத்துச் சொல்லு. ரெண்டையும் தனித்தனியாச் சொல்லு," என்றார். பக்கத்து சீட்டுக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நரம்பு டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார், முட்டியில் தட்டினார், கைக்கு லேசாகக் கரண்ட் வைத்தும் பார்த்தார். முழங்கையில் நரம்பு நசுங்கியிருந்தது. கையை மடக்கித் தலைக்கு வைத்தே நான் தூங்குவேன். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். இன்னும் விட்டிருந்தால் விரல் சூம்பியிருக்கும், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். கைக்குக் கட்டு, கொஞ்சம் பயிற்சி, மறுபடி வந்து காட்ட ஒரு தேதி.

அதோடு இன்னொரு சீட்டும் எழுதினார். படபடப்புக்கும் வாய் மரப்புக்கும் இந்த நரம்பு காரணமில்லை, அதை மனநல டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்ப மரத்தடி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். மூன்று மாதத்தில் முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டேன். கை பிழைத்துக்கொண்டது. அப்புறம் என் பழைய புத்தி திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது சீட்டைக் கசக்கினேன்.

"என்னடா அது?"

"நரம்புதான்னு டாக்டரே சொல்லிட்டாருல்லீங்ணா. அப்ப நான் பயந்தாங்கொள்ளி இல்ல. எவனெவன் என்னைப் பாத்துச் சிரிச்சானோ அவன்கிட்டயெல்லாம் போய்ச் சொல்லப்போறேன். பயத்துக்கு எதுக்கு இன்னொரு டாக்டரு?"

அண்ணன் என் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கினார். தொடைமேல் வைத்து, சுருக்கத்தை ஒவ்வொன்றாக நீவினார். மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"கால்ல தச்ச முள்ளைப் பிடுங்கிட்டா, மெரள்ற மாடு மெரளாதுன்னு எந்தச் சந்தையிலடா பாத்தே?"