பேச்சித்தாய் என்று எழுதினால்

தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான். ஆகையால் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் காணாமல் போனவர்களைத் தேடித்தரும் சிறிய அறக்கட்டளை ஒன்று இருந்தது. நடத்தியவர் ஞானதிரவியம். தேடி வருகிறவர்களுக்குப் பதில் சொன்னவர் வேலாயுதம். இணையதளத்தைக் கவனித்துக்கொண்டவள் பிரிசில்லா. தளத்தின் முகப்பில் பெயரை எழுதித் தேட ஒரே ஒரு பெட்டி. அதன் கீழே ஞானதிரவியம் எழுதிக் கொடுத்த வரி: 'இங்கே நீங்கள் எழுதுவதை யாரிடமும் சொல்லமாட்டோம்.'

ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். ஒற்று ஒன்று விட்டுப்போனாலும் தளம் கையை விரித்துவிடும். அதனால் பிரிசில்லா பெட்டிக்குப் பரிந்துரைப் பட்டியல் ஒன்றைச் சேர்த்தாள். இரண்டு எழுத்து எழுதி விரல் நின்றால் போதும், பொருந்தும் பெயர்கள் கீழே இறங்கும், வேண்டியதைத் தொட்டுக்கொள்ளலாம். பதிவேட்டில் இருந்த பெயர்கள் போதாதென்று, முன்பு வந்தவர்கள் அந்தப் பெட்டியில் எழுதியவற்றையும் அதில் கலந்தாள். அதில் தப்பிருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. முதல் வாரத்திலேயே இரண்டு பேர் வீடு திரும்பினார்கள்.

மறுவாரம் ஒரு முற்பகலில் இசக்கியம்மாள் என்ற பெண் வந்தாள். மகள் பேச்சித்தாய் வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம். அண்ணன்காரன் அப்போதே மனு கொடுத்து, பெயர் பதிவேட்டில் இருந்தது. இன்று தாயைக் கூட்டிவந்தவனும் அவன்தான். வாசலில் பைக்கில் உட்கார்ந்திருந்தான்.

"அவளக் கூட்டியாரணும்னு இல்ல தாயி," என்றாள் இசக்கியம்மாள். "இந்த ஆடி அமாவாசைக்கு அவளுக்குப் படையல் போடச் சொல்லுதாவ. உசுரோட இருக்கவளுக்குப் போட்டுட்டா பாவம்லா? போடலாமா கூடாதா, அத மட்டும் பாத்துச் சொல்லு."

பிரிசில்லா 'பேச்' என்று எழுதி நிறுத்தினாள். பட்டியல் இறங்கியது. பேச்சிமுத்து. பேச்சியம்மாள். பேச்சித்தாய். அதற்கும் கீழே ஒரு முழு வாக்கியம்.

'பேச்சித்தாய் உயிரோடு இருப்பதை யாரிடமும் சொல்லாதீர்கள்.'

பிரிசில்லா அதை மறுபடி படித்தாள். பட்டியல் தானாக எதையும் இட்டுக்கட்டாது. அதைச் செய்தவள் அவளே. யாரோ ஒருவர் அந்தப் பெட்டிக்குள் அதை எழுதியிருந்தால்தான் இங்கே வரும்.

"என்ன தாயி, பேரு இருக்கா?" படிக்கத் தெரியாத இசக்கியம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் வெளிய இருங்கம்மா. பாத்துச் சொல்றேன்."

பழைய பதிவுகளைத் தோண்டினாள். அந்த வாக்கியம் பதினான்கு முறை எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, பதினொரு மணி வாக்கில், வெளி மாநிலத்து ஊர் ஒன்றிலிருந்து. எழுதியது பேச்சித்தாயாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் முதலில் வெறும் பெயர். அது பதிவேட்டில் இருப்பதைக் கண்டு, தன்னை இன்னும் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், இந்த வாக்கியம்.

மற்ற இருவரையும் அழைத்துக் காட்டினாள்.

"சார், உசுரோட இருக்க புள்ளைக்கு அந்த அம்மா சோறு படைக்கப் போகுது," என்றார் வேலாயுதம்.

"அந்தப் பொண்ணு நம்மள நம்பி எழுதியிருக்கு," என்றார் ஞானதிரவியம். பிரிசில்லாவை எழச்சொல்லி, அவளுடைய நாற்காலியில் தானே உட்கார்ந்து, வாக்கியத்தையும் அது வந்த ஊரின் தடயத்தையும் ஒவ்வொன்றாக அழித்தார்.

அவர் அழித்துக்கொண்டிருக்கும்போதே வேலாயுதம் வெளியே போனார். "படையல் போடாதீங்கம்மா," என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இசக்கியம்மாள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மகன் பைக்கிலிருந்து இறங்கி வந்தான்.

"எந்த ஊர்ல இருக்கா?"

நன்றாக இருக்கிறாளா என்று அவன் கேட்கவில்லை. மறுநாள் இன்னும் இரண்டு பேரோடு வந்து, பதிவுகளைக் காட்டச் சொல்லி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். காட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

ரகசியம் கசிந்துவிட்டது, கசிந்தது தெரியாமல் பேச்சித்தாய் மட்டும் அந்த ஊரில் இருக்கிறாள். இந்த நினைப்பு பிரிசில்லாவை விடவில்லை. 'பேச்சித்தாய் உயிரோடு' என்று தொடங்குகிறவருக்கு மட்டும் ஒரே ஒரு வரி தெரியும்படி செய்தாள்: 'உங்கள் அம்மா வந்திருந்தார்.'

முதல் தேதி வந்தது. பதினொரு மணிக்குப் பிரிசில்லாவின் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அந்தப் பக்கம் வரி இறங்கியிருக்க வேண்டும். விரல் நின்றது. பிறகு எல்லாம் அழிக்கப்பட்டு, பெட்டியில் ஒரு சொல் வந்தது.

'அண்ணனுமா?'

பிரிசில்லா யாரையும் கேட்கவில்லை. பட்டியலில் எழுதினாள்: 'ஆம். நீங்கள் உயிரோடு இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊர் தெரியாது.'

பெட்டி காலியானது. அடுத்த மாதம் முதல் தேதி யாரும் எழுதவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை.

கொடுத்த வாக்குக்காகத் தடயத்தை அழித்தார் ஞானதிரவியம். தாய்க்காக ஒரு சொல் சொன்னார் வேலாயுதம். மகளுக்கு உள்ளதை எழுதினாள் பிரிசில்லா. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: வேலாயுதத்தின் இரக்கம் உண்மையானது, ஆனால் அவர் எடுத்துக் கொடுத்தது இன்னொருத்தியின் உயிர். ஞானதிரவியம் அழிக்காமல் விட்டிருந்தால் அண்ணன் அந்த ஊருக்கே போயிருப்பான். அந்த அளவுக்கு அவர் செய்தது சரி. ஆனால் அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். பேச்சித்தாயோ ஆபத்து தெரியாமல் அங்கேயே இருந்திருப்பாள். தேடுகிறவர்களின் எழுத்தைப் பட்டியலில் கலந்து முதல் பிழை செய்தவள் பிரிசில்லாதான். இருந்தும், ரகசியம் யாருடையதோ அவளிடமே போய், அது கசிந்துவிட்டது என்று சொன்னவளும் அவள் ஒருத்திதான். ஆகவே சரியாகச் செய்தவள் பிரிசில்லா. மகளைக் கேட்டுச் சொல்லும்வரை தாயின் மகிழ்ச்சி ஒரு மாதம் பொறுக்கும். தப்பி ஓட வேண்டியவளுக்கு ஒரு நாள்கூடப் பொறுக்காது. கலந்திருந்த எழுத்துகளையெல்லாம் பிரிசில்லா பிறகு நீக்கிவிட்டாள். முதல் தேதிகளில் மட்டும் பதினொரு மணிக்கு அந்தப் பெட்டியைப் பார்த்தபடி இருக்கிறாள். அது காலியாகவே இருக்கிறது. பேச்சித்தாய் பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அது காலியாகத்தான் இருக்கும். போய்ச் சேராவிட்டாலும் காலியாகத்தான் இருக்கும்.